பங்குனியில் போகாத கிளுவைகள்

மாசி அறுப்பு முடிந்த வயலுக்கென்று ஒரு வாடை உண்டு. சேறும் ஈர வைக்கோலும் பறவை எச்சமும் கலந்த அந்த வாடை எங்கள் கொட்டாரத்துக் குளத்தங்கரையில் வீசத் தொடங்கினால், சிந்திய நெல்லைத் தின்று கொழுத்த கிளுவைகள், அந்தச் சின்னக் காட்டு வாத்துகள், இன்னும் ஒரு மாதத்தில் வடக்கே கிளம்பிவிடும் என்று தெரிந்துகொள்வோம். அவற்றுக்கு "வரத்துப் பறவை" என்று பெயர். ஊர்க் கொக்கை அடித்தால் திட்டுகிற பெரியவர்கள்கூட, "அதுக்கென்ன, போனா வேற வரும்லா" என்று கிளுவையை மட்டும் பிடித்துக்கொள்ள விட்டிருந்தார்கள்.

அது திருவிதாங்கூர் மகாராஜா காலம். அறுப்பின் பண்டிகைக்கு எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் பூசணியும் வாழைக்குலையும் சேவலும் காணிக்கையாகக் குவியும். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் எல்லாம் ஏலம் போகும். பன்னிரண்டு வயதில் எனக்கு இருந்த ஒரே ஆசை, நான் கொண்டுபோனதை நாலு பேர் போட்டி போட்டுக் கேட்க வேண்டும் என்பதுதான். வயலில் கண்ணி வைத்து ஆறு கிளுவைகளைப் பிடித்தேன். பண்டிகைக்குள் பறந்துவிட்டால் என் பெருமை என்னாவது என்று, அம்மாவின் கத்திரியை எடுத்து, மடக்கினால் வெளியே தெரியாதபடி, ஒவ்வொன்றிலும் ஒரு பக்கத்துச் சிறகின் இறகுகளை மட்டும் ஒட்ட வெட்டினேன்.

ஏலத்தில் எடுத்தவர், கோயிலில் ஜெபம் நடத்தும் எங்கள் உபதேசியார். கறிக்குத்தான் என்று நினைத்தேன். அவரோ கூடையைக் குளத்துக்குக் கொண்டுபோய்த் திறந்து, "போங்க மக்கா, நேரமாச்சு" என்றார். ஆறும் நீந்திப்போய்க் கூட்டத்தில் சேர்ந்துகொண்டன. ஊரே அவரை மெச்சியது, வெட்கமில்லாமல் நின்ற என்னையும் மெச்சியது. அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

பங்குனியில் ஒரு காலை பார்த்தால், கூட்டம் முழுவதும் போய் ஆறு மட்டும் கிடந்தன. "ஏட்டி மக்களே, எல்லாம் போயாச்சுல்லா, இதுகளுக்கு மட்டும் என்ன?" என்று உபதேசியார் என்னிடமே கேட்டார். தெரியாது என்றேன். "நம்ம ஊரு பிடிச்சுப்போச்சு போல" என்று அவரே சந்தோஷப்பட்டுக்கொண்டு தினமும் தவிடு போட்டார். சித்திரையில் குளம் வற்றியது. நாயும் கீரியும் ஒவ்வொன்றாகக் கொண்டுபோயின. மிஞ்சிய ஒன்று பறக்க எம்பி எம்பி, ஒரு பக்கமாகவே சாய்ந்து சேற்றில் விழுந்ததை நான் கரையில் நின்று பார்த்தேன்.

ஆசிரியர் பயிற்சிக்குப் போன பிறகுதான் தெரிந்தது, கிளுவை நம் குளங்களில் முட்டையிடுவதில்லை, இமயத்துக்கும் அப்பால் போய்க் குஞ்சு பொரித்துத் திரும்பினால்தான் ஐப்பசியில் இங்கே கூட்டம் என்று. நான் நிறுத்தியது ஆறை மட்டுமல்ல, அவை கூட்டி வந்திருக்கக்கூடிய குஞ்சுகளையும்தான்.

இன்று அந்தக் குளத்தில் பாதி வீடுகளாகிவிட்டது. பத்துக் கிளுவை வந்தால் அதிசயம். பூச்சிமருந்தையும் குளத்தை மண்ணடித்து நிரப்பியவர்களையும் ஊரார் ஏசும்போது நானும் கூடச் சேர்ந்து தலையாட்டுகிறேன். உபதேசியாரிடமே வாய் திறக்காதவள் இவர்களிடமா திறப்பேன்? அவர் சாகக் கிடந்தபோது பார்க்கப் போயிருந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் தவிடு போட்டுப் பழக்குனதுனாலதான் அதுக போகாம கெடந்து செத்துதோ, மக்களே?" என்று கேட்டார். அத்தனை வருஷமும் அந்தப் பழியை அவர் சுமந்திருக்கிறார். அப்போதும் நான் சொல்லவில்லை.