கல்யாணத்துக்குப் போன நாற்காலிகள்

பதினோரு வருடம் பாயான் லெப்பாசில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையின் ஸ்டோரில் வேலை பார்த்தேன். அங்கே கடுகளவு திருகு ஒன்று குறைந்தாலும் மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பழக்கத்தோடுதான் இந்தப் பாத்திரக் கம்பெனிக்கு வந்து சேர்ந்தேன். கடை தீவில், லிட்டில் இந்தியாவில். ஸ்டோர் கடல் பாலத்தைத் தாண்டி, புக்கிட் தெங்காவில். முதலாளிக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கம்பெனியில் எல்லாரும் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்கள். ஸ்டாக் எதுவும் கணக்கில் நிற்பதில்லை, நீதான் சரி பண்ண வேண்டும் என்று என்னிடம் ஒப்படைத்தார்.

ஸ்டோரில் எனக்கு முன்பிருந்தே ஓர் அக்கா வேலை பார்த்தார். எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்பது அவருக்கு மட்டுமே தெரியும். இட்லிச் சட்டி எங்கே என்று கேட்டால், மழை ஒழுகும் இடத்துக்குப் பக்கத்தில் என்பார். ஒழுகல் அடைக்கப்பட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது.

நான் தரையில் மஞ்சள் கோடு போட்டேன். அடுக்குகளுக்கு எழுத்தும் எண்ணும் கொடுத்தேன். ஒவ்வொரு சாமானையும் கணினியில் ஏற்றினேன். மூன்று மாதத்தில் வாளி, சட்டி, கரண்டி எல்லாம் வழிக்கு வந்துவிட்டன. அடங்காமல் நின்றது ஒன்றே ஒன்று: சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி.

கணினியில் அறுநூற்று நாற்பது. ஒரு திங்கட்கிழமை கையால் எண்ணினால் ஐந்நூற்று இருபது. நூற்றிருபது நாற்காலி காணோம் என்று பதறிப்போய் முதலாளிக்குப் போன் அடித்தேன். புதன்கிழமை நேரில் வந்து பார்க்கிறேன் என்றார். வந்தார். அவர் முன்னாலேயே எண்ணினேன். அறுநூற்று நாற்பது.

"பாத்தியா, சரியாத்தானே இருக்கு. வேலை ஜாஸ்தி, ஒனக்குத் தூக்கம் பத்தல," என்றார் அன்போடு.

அடுத்த திங்கள் மறுபடியும் குறைந்தது. புதன்கிழமை நிறைந்தது. சரக்கு குறைந்தால் திருட்டு என்று சொல்லலாம். குறைந்த சரக்கு தானாகத் திரும்பி வந்தால் அதற்கு என்ன பெயர் வைப்பது? என் கண்மேல் சந்தேகம் வந்து கண்ணாடி மாற்றினேன். பிறகு அக்காவின் எண்ணிக்கைமேல் சந்தேகம் வந்தது. ஒரே நாளில் மூன்று முறை அவரை எண்ண வைத்தேன். அவர் முகம் கோணாமல் எண்ணி, "நாற்காலிதானே மா, எங்க போயிடப் போவுது லா," என்று மட்டும் சொன்னார்.

கடைசியில் ஒவ்வொரு நாற்காலிக்கும் தனி எண் கொடுப்பது என்று முடிவெடுத்தேன். இரண்டு நாள் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கவிழ்த்து, அடியில் பார்கோட் ஸ்டிக்கர் ஒட்டினேன். மூன்றாம் நாள் படி ஏற முடியாமல் கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணவரோடு வேலை பார்ப்பவரின் மகளுக்குக் கல்யாணம். தண்ணீர்மலைப் பக்கம் ஒரு மண்டபம். பட்டுச் சேலை கட்டி, ஐந்தாவது வரிசையில் போய் உட்கார்ந்தேன். கைப்பையை நாற்காலிக்கு அடியில் வைக்கக் குனிந்தபோது விரலில் ஏதோ ஒட்டியது. ஸ்டிக்கரின் ஓரம்.

எழுந்து நாற்காலியைக் கவிழ்த்தேன். போனை எடுத்து ஸ்கேன் செய்தேன். "இருப்பில் உள்ளது. இடம்: புக்கிட் தெங்கா, சி-4" என்று காட்டியது. அதாவது கணக்குப்படி நான் அந்த நிமிடம் பாலத்துக்கு அந்தப் பக்கம், ஸ்டோருக்குள் உட்கார்ந்து கல்யாணம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கணவர் என் முகத்தைப் பார்த்துவிட்டார். "வேணாம். உக்காரு," என்றார்.

உட்காரவில்லை. பக்கத்திலிருந்த பெரியவரைக் கொஞ்சம் எழுந்திருக்கச் சொன்னேன். அவரும் மரியாதையாக எழுந்தார். அதிலும் ஸ்டிக்கர். அடுத்தவரையும் எழுப்பினேன். ஒவ்வொரு முறையும் போன் பீப் என்றது. மூன்றாவது வரிசைக்கு நான் போனபோது, நாற்காலிக்கு அடியில் அதிர்ஷ்ட எண் இருக்கிறதாம், பரிசு உண்டாம் என்று பேச்சு பரவிவிட்டது. பிறகு நான் யாரையும் எழுப்ப வேண்டியிருக்கவில்லை. அவர்களாகவே எழுந்து கவிழ்த்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்கள். ஒருவர், "இங்க வாங்க மா, எனக்கு இருநூத்திப் பன்னெண்டு, என்ன விழுந்திருக்கு?" என்று கேட்டார். விழுந்ததும் சொல்கிறேன் என்றேன். வேறு என்ன சொல்வது?

கெட்டிமேளம் கொட்டியபோது நான் முழங்காலில் நின்று நூற்றாறாவது நாற்காலியை ஸ்கேன் செய்துகொண்டிருந்தேன். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் போட்ட அட்சதையில் பாதி என் தலையில் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் முதல் வரிசையில் முதலாளி. அவருக்குப் பக்கத்தில், மாம்பழ நிறப் பட்டில், நம்முடைய அக்கா. என்னைக் கண்டதும் அக்கா அவசரமாக மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தார்.

மொத்தம் நூற்றுப் பதினெட்டு கிடைத்தது. மீதி இரண்டைத் தேடிச் சமையல்கட்டுக்குப் போனேன். ஒன்றில் சமையல்காரர் இருந்தார், இன்னொன்றில் ரசக் குண்டான் இருந்தது. இரண்டையும் ஸ்கேன் செய்தேன்.

சாப்பாட்டுப் பந்தியில் முதலாளி என் எதிரே வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். பெண்ணின் அப்பா அவருக்குக் கோயில் சிநேகிதர். இப்படித் தெரிந்தவர்கள் கேட்கும்போதெல்லாம் வருடக்கணக்காகக் கொடுத்து வருகிறாராம். வெள்ளிக்கிழமை நான் வீட்டுக்குக் கிளம்பியதும் லாரி வரும். செவ்வாய்க்கிழமை நான் கடைக்குப் போகும் நேரத்தில் நாற்காலிகள் திரும்பும். புதிதுபோலத் தெரிய அக்கா ஈரத்துணியால் துடைத்து அடுக்கிவிடுவார். மூன்று முறை எண்ணச் சொன்னபோதும் அவருக்கு எல்லாம் தெரியும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணே," என்றேன்.

"சொன்னா நீ ஃபாரம் எழுதச் சொல்லுவ."

"ஆமா, சொல்லுவேன்."

"அதான், தங்கச்சி, நான் சொல்லல," என்று பாயசத்தை ஊற்றிக்கொண்டார்.

கோபம் வந்தது. அதைவிட, ஒரு வருத்தம். கண்ணாடிக்குச் செலவு செய்ததைக் கூட விடுங்கள், அந்த அக்காவுக்கு எண்ணத் தெரியாது என்று மனசுக்குள் எத்தனை முறை நினைத்திருப்பேன். மறுநாள் அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர், எண்ணுவது நல்ல உடற்பயிற்சி என்று சொல்லிவிட்டு, இட்லிச் சட்டி தேடக் கிளம்பிவிட்டார்.

அந்த வாரம் முதலாளியோடு பேசி முடித்தேன். கொடுப்பதை நிறுத்தச் சொன்னால் நாற்காலி வியாபாரத்தையே நிறுத்திவிடுவார் என்று தெரிந்தது. அதனால் நூற்றைம்பது நீல நாற்காலிகளை விற்பனைக்கு இல்லை என்று தனியாகப் பிரித்தேன். கணினியில் அவற்றுக்குப் புதிதாக ஓர் இடம் திறந்தேன். பெயர்: கல்யாணம். யார் கேட்டாலும் ஃபாரம் எழுத வேண்டும், முதலாளி உட்பட. அவருடைய முதல் ஃபாரத்தில் திரும்பி வரும் தேதி என்ற கட்டத்தில் "சாப்பாடு முடிஞ்சதும்" என்று எழுதியிருந்தார். ஏற்றுக்கொண்டேன்.

சிவப்பு நாற்காலி அன்றிலிருந்து ஒன்றுகூடக் குறையவில்லை. நீலத்தில் இதுவரை ஏழு போய்விட்டது. ஒரு தண்ணீர்ப் பந்தலிலிருந்து நான்கு திரும்பவில்லை. மூன்றை, வீட்டில் உட்கார எதுவும் இல்லை என்று சொன்ன ஒரு குடும்பத்துக்கு முதலாளியே கொடுத்துவிட்டார். கணக்கிலிருந்து நீக்கும்போது கணினி காரணம் கேட்கும். சேதம், தொலைந்தது, திருட்டு என்று மூன்றே வழிதான் இருந்தது. எதுவும் பொருந்தவில்லை. மென்பொருள்காரரைக் கூப்பிட்டு நான்காவதாக ஒன்றைச் சேர்க்கச் சொன்னேன். அவர் இரண்டு முறை எழுத்துக்கூட்டிக் கேட்டுக்கொண்டு சேர்த்துக் கொடுத்தார்: "அண்ணே கொடுத்துவிட்டார்."