அம்மாவின் விரல்களும் என் இங்கிலீஷும்

காசிமேட்டில் இறால் உரிக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அம்மாவுக்கு விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்காமல் போயின. நாள் முழுக்க ஐஸில் கைவைப்பவர்களுக்கு அது சகஜம்தான் என்றார்கள். தொந்தரவு தோள் வரை ஏறிய பிறகுதான் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, என்னையும் அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

நான் அப்போது நான்காம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். பசு மாட்டைப் பற்றிப் பத்து வரி தடங்கலில்லாமல் ஒப்பிப்பேன். டாக்டரோ வடக்கிலிருந்து புதிதாக வந்தவர், தமிழ் தெரியாது. எடுத்துச் சொல்ல வந்த நர்ஸை அம்மா தடுத்துவிட்டாள்.

"வேணாம் சிஸ்டர். எம் பொண்ணு இங்கிலீஷ் மீடியம். அதுவே சொல்லும்."

எனக்கு அடிவயிற்றில் சில்லென்றது. அதற்கு இங்கிலீஷில் என்ன சொல்வது என்றுகூட எனக்குத் தெரியாது.

அம்மா நிதானமாக ஆரம்பித்தாள். "விரலு மரத்துப் பூடுது. அப்பால எறும்பு ஊர்றா மாரி குறுகுறுங்குது. திடீர்னு சுருக் சுருக்னு குத்துது. கைய ஒதறினா ஜிவ்வுனு தோளு வரிக்கும் ஏறுது."

"பெயின்" என்றேன்.

இவ்வளவு நேரம் பேசியதற்கு இவ்வளவுதானா என்பதுபோல் டாக்டர் என்னைப் பார்த்தார். நான் விடவில்லை. "ஃபிங்கர் பெயின். ஷோல்டர் பெயின். வெரி வெரி பெயின்."

அவர் தலையாட்டிவிட்டு வலிக்கு ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் அம்மா கையை நீட்டிக் காட்டினாள். ரோமமெல்லாம் குத்திட்டு நின்றது. "நீ பேச சொல்ல பாரு, எப்டி புல்லரிச்சிப் பூட்ச்சி!" அன்று மாலைக்குள் கொருக்குப்பேட்டையில் எங்கள் சந்து முழுவதற்கும் செய்தி போய்விட்டது. டாக்டரே வாயை மூடிக்கொண்டு கேட்டாராம். நானும் இரண்டு நாள் தலைநிமிர்ந்து நடந்தேன்.

அந்தக் களிம்பை அம்மா ஒரு மாதம் தேய்த்தாள். எப்படியிருக்கிறது என்று கேட்டால், "சூப்பரா கீது" என்பாள். ஒரு நாள் தண்ணீர்ச் சொம்பு அவள் கையிலிருந்து நழுவி விழுந்தது. வழுக்கிவிட்டதாகச் சொன்னாள், நம்பினேன்.

அது நரம்புக் கோளாறு, வலிக் களிம்புக்கு அடங்காது என்று பல வருடம் கழித்து வேறொரு டாக்டர் சொன்னார். குணமாகவில்லை என்று மறுபடி அங்கே போய் நின்றால் அந்த நர்ஸ் குறுக்கே வருவாள், நான் சொல்லாமல் விட்டதெல்லாம் வெளியே வந்துவிடும். அது அம்மாவுக்கு அன்றைக்கே தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை. அன்று உருண்டு போன சொம்பை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, களிம்பு எழுதியவர் நல்ல டாக்டர் என்று சொன்னேன்.

"ஆமாம்மா" என்றாள். இரண்டு கையாலும் சொம்பைப் பிடித்துக்கொண்டாள்.