ஏரிக்கரை அலைவரிசையில் ஒன்பதாம் பாகம்

செய்தி வந்தபோது காலை பத்தரை மணி. ஓரின் காங்காஸ், சாலையில் விழும் பனியைத் தள்ளும் தன் லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்து, முன்பக்கத் தகட்டின் மூட்டுக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தான். கொட்டகையின் மறுகோடியிலிருந்து பூட்ஸ் தடதடக்க யாரோ ஓடிவந்தார்கள். வெர்ன் ஸ்கோக்லண்ட். ஊரே தீப்பிடித்தாலும் நடந்து வருகிற ஆள் அவன். லாரியருகே மண்டியிட்டுத் தன் போனை அடியில் நீட்டினான்.

"வருதுப்பா. ஒன்பதாம் பாகம். கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே கடைக்கு வந்துடுமாம்."

ஓரின் எழுந்த வேகத்தில் நெற்றி அச்சில் இடித்தது. வலித்ததாகவே தெரியவில்லை.

உறைகடல் நாவல் வரிசையின் எட்டாம் பாகம் வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. இரண்டு நிலா காயும் ஓர் உலகம். கரை முதல் கரை வரை பனிக்கட்டியாகிப்போன கடல். அதன்மேல் சறுக்குக் கட்டைகளில் பாய் விரித்து ஓடும் கப்பல்கள். பனிக்கு அடியில் மலைபோலப் புரளும் ஏதோ ஒன்று. அது உயிருள்ள டிராகனா, எந்தக் காலத்திலோ யாரோ செய்து புதைத்துவிட்டுப்போன இயந்திரமா என்பதுதான் கேள்வி. டிராகன் என்றால் மாயக் கதை. இயந்திரம் என்றால் விஞ்ஞானக் கதை. கொட்டகை இதில் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடந்தது. எட்டாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் பனி வெடித்து ஒரு கண் திறந்தது. கப்பல் தலைவி இல்வேன் அதற்கு நேர் மேலே நின்றுகொண்டிருந்தாள். அவளை அங்கேயே நிறுத்திவிட்டுப் போன எழுத்தாளர் பன்னிரண்டு வருடமாக மூச்சுக் காட்டவில்லை.

சிரித்துக்கொண்டிருந்த இருவரும் ஒரே நேரத்தில் சிரிப்பை நிறுத்தினார்கள். இருவருக்கும் ஆர்டிஸின் ஞாபகம் வந்துவிட்டது. கிறிஸ்துமஸைப் பார்த்துவிடுவாள், அதற்குமேல் எதுவும் சொல்வதற்கில்லை என்று டாக்டர் போன வாரம்தான் சொல்லியிருந்தார்.

ஆர்டிஸ் மாக்கி அந்தக் கொட்டகைக்குத் தட்டச்சு செய்ய வந்தவள். டுலூத் நகருக்கு வடக்கே ஏரிக்கரை நெடுஞ்சாலை முழுவதும் பனி அகற்றுவது அந்தக் கொட்டகையின் பொறுப்பு. ஒரு மார்ச் புயலில், ரேடியோவில் லாரிகளை அனுப்புகிறவர் காய்ச்சலில் படுத்துவிட, அவள் மைக்கைக் கையில் எடுத்தாள். பிறகு ஓய்வு பெறும்வரை கீழே வைக்கவில்லை. எதிரே ஒன்றுமே தெரியாத வெள்ளைப் பனியில் லாரி ஓட்டுகிறவனுக்கு அவள் குரல்தான் சாலை. எந்த வளைவில் காற்று எப்படி அடிக்கும், எந்தப் பாலம் முதலில் வழுக்கும் என்று இருந்த இடத்திலிருந்தே சொல்வாள். கணவன் ரே இறந்த வாரத்திலும் புயல் வந்தது. அன்றும் வந்து உட்கார்ந்தாள்.

ஓட்டுநர்களுக்குக் குளிர்கால விடுமுறை என்பது காத்திருப்பதுதான். பனி விழுந்தால் வேலை. விழாவிட்டால் கொட்டகையில் சீட்டாட்டம். ஆர்டிஸுக்குச் சீட்டாட்டம் ஆகாது. டிசம்பர் பிறந்ததும் ஒவ்வொரு லாரியிலும் வெயில் மறைப்புக்குப் பின்னால் ஒரு புத்தகத்தைச் செருகிவைப்பாள். ஆளைப் பார்த்துத்தான் தேர்வு. மனைவி பிரிந்துபோன வருடம் ஓரினுக்குக் கிடைத்தது, ஆளில்லாத கிரகத்தில் தக்காளி வளர்க்கும் ஒருவனின் கதை. படிப்பென்றாலே ஓடும் வெர்னுக்கு இரண்டு பக்கத்தில் முடியும் பேய்க்கதைகள். புத்தகம் பனி உருகுவதற்குள் திரும்பி வர வேண்டும். காப்பிக் கறை இருந்தால்தான் படித்ததாக ஒப்புக்கொள்வாள். சில வருடங்களில் அந்த முரட்டு ஆட்கள் எல்லாரும் ஒளிவேகத்தைப் பற்றியும் மந்திரவாதிகளின் பரம்பரையைப் பற்றியும் அடித்துக்கொள்ளும் ரசிகர்களாகிவிட்டார்கள்.

உறைகடல் மட்டும் எல்லாருக்கும் பொது. அதற்கு ஒரே பிரதி என்பது அவள் வைத்த சட்டம். ஆளுக்கொன்று வாங்கினால் ஒருவன் முந்திக்கொண்டு படித்துவிட்டு மற்றவர்களுக்கு முடிவைச் சொல்லிவிடுவான் என்பாள்.

ஓரின் அவளுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னான்.

"அந்த ஆளு இன்னும் உசுரோடதான் இருக்கானா? எனக்கு முன்னாடி போயிடுவானோன்னு பயந்துட்டே இருந்தேன்."

புத்தகம் கைக்கு வந்தவுடன் நேரே அவள் வீட்டுக்குக் கொண்டுவந்து படித்துக்காட்டுவதாக ஓரின் சொன்னான். அவளால் இப்போது எழுத்தைப் பார்க்க முடிவதில்லை. அவள் சம்மதித்தாள்; ஆனால் முதலில் எட்டாம் பாகத்தை மறுபடி படித்தாக வேண்டும் என்றாள். ஓரினுக்குத் தூக்கிவாரிப்போட்டது. எட்டாம் பாகம் செங்கல் கனம். அதற்கெல்லாம் அவளுக்கு நேரம் இருக்கிறதா?

"ஒத்தைக் கையன் யாரு, சொல்லு பாக்கலாம்" என்றாள் ஆர்டிஸ்.

ஓரினுக்குத் தெரியவில்லை. வெர்னைக் கேட்டான். சமையல்காரன் என்றான் வெர்ன். தலைவியின் மாமன் என்றான் இன்னொருவன். எட்டாம் பாகத்தையே எடுத்தார்கள். வேறு யாராக இருந்தாலும் இருக்கிற கொஞ்ச நாளில் புதிய புத்தகத்துக்குத்தான் பாய்ந்திருப்பார்கள். ரசிகர்கள் அப்படியில்லை. பழையதை மறந்துவிட்டுப் புதியதைத் திறப்பது அவர்களுக்குத் தெய்வக் குற்றம் மாதிரி.

அந்த வாரங்களைப் போல உற்சாகமான வாரங்களை ஓரின் கண்டதில்லை. முறைபோட்டுக்கொண்டு படித்தார்கள். பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, வரிசையாக அவள் கட்டிலைச் சுற்றி உட்காருவார்கள். பக்கத்து வீட்டு ஹெல்மி காப்பியும் ஏலக்காய் ரொட்டியும் வைத்துவிட்டு, வளர்ந்த ஆண்களுக்கு வேறு பிழைப்பில்லையா என்பதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவாள். வெர்ன் டிராகன் கட்சி. டிராகன் வரும் இடங்களில் குரலை உயர்த்துவான். ஆர்டிஸ் இயந்திரக் கட்சி. கண்ணை மூடியபடியே அவன் எந்த வார்த்தையை அழுத்தினான் என்று பிடித்துவிடுவாள். "நடிக்காதப்பா, படி" என்பாள். அவள் அயர்ந்து தூங்கினால் எழுப்ப வேண்டும் என்பது உத்தரவு. எழுப்பினார்கள். ஒத்தைக் கையன் சமையல்காரனும் இல்லை, மாமனும் இல்லை. தலைவியைக் கப்பலிலிருந்து பனியில் தள்ளிவிட்டவன். கொட்டகையே வெட்கப்பட்டது.

ஒன்பதாம் பாகம் கைக்கு வந்து, படிக்கத் தொடங்கியபோது யாருமே எதிர்பாராத ஒன்று நடந்தது. பனிக்காகவே பிறந்த ஆட்கள் பனி வேண்டாம் என்று வேண்டிக்கொள்ள ஆரம்பித்தார்கள். வானமும் கேட்டது. ஏரி மட்டும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது; சாலை காய்ந்து கிடந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் காலையில் கடைசி அத்தியாயம் மட்டும் மீதி. இல்வேன் ஏணியில் பனிக்குக் கீழே இறங்கத் தொடங்கியிருந்தாள். ஆர்டிஸ் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். ஓரின் பக்கத்தைத் திருப்பிய நேரத்தில் எல்லார் போன்களும் ஒன்றாக அலறின. புயல், சொன்ன நேரத்துக்கு முன்பே மேற்கிலிருந்து இறங்கிவிட்டது.

"போங்க" என்றாள் ஆர்டிஸ். "சாலையில ஜனங்க இருக்காங்க."

ஓடினார்கள். கொட்டகைக்கு வந்து சாப்பாட்டுப் பையைத் திறந்தபோதுதான் ஓரினுக்கு உயிர் போய் வந்தது. புத்தகம் உள்ளே இருந்தது. கையில் இருந்ததை அப்படியே பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். அங்கேயே விட்டிருந்தால் ஹெல்மியாவது படித்துக்காட்டியிருப்பாள். இனித் திரும்பிப் போக நேரமில்லை. காலையில் ஆர்டிஸின் உதடு நீலம் பாரித்திருந்ததை, அவளைப் பார்க்க வந்த நர்ஸும் பார்த்தாள், அவனும் பார்த்தான்.

ரேடியோ அறையில் கோலெட் பெர்க்ஸ்டாட் இருந்தாள். ஆர்டிஸுக்குப் பின் அந்த நாற்காலிக்கு வந்தவள். கதைப் புத்தகம் தொடாதவள். விதிமுறை என்றால் விதிமுறைதான் என்பவள். ஓரின் புத்தகத்தை அவள் மேசையில் வைத்தான். ஆர்டிஸின் தலைமாட்டில் இந்த அலைவரிசையைப் பிடிக்கும் சின்ன ரேடியோ எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் என்றும், அதில் கேட்க மட்டும்தான் முடியும், பேச முடியாது என்றும் சொன்னான். போனில் படிக்கலாம்தான், ஆனால் புயல் நேரத்தில் போன் வழியை அடைத்துவைக்க யாருக்கும் மனம் வராது.

"இது வேலைக்கான ரேடியோ" என்றாள் கோலெட்.

ஓரின் வாதாடவில்லை. லாரியை எடுத்துக்கொண்டு வெளியேறினான். ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் முன்கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. மதியம்தான், ஆனால் விளக்கு போட்டாலும் தகட்டின் நுனி தெரியவில்லை. தன்னைத் திட்டிக்கொண்டே ஓட்டினான். கோலெட்டின் குரல் வந்தது. பாலத்தருகே ஒரு சரக்கு லாரி குறுக்கே நிற்பதாக வெர்னுக்குச் சொன்னாள். வெர்ன் சரி என்றான். பிறகு அவள் தொண்டையைச் செருமிக்கொள்வது கேட்டது.

"எல்லா வண்டிக்கும். ரேடியோ பரிசோதனை. கொஞ்சம் நீளமான பரிசோதனை. கேக்குதுன்னா பட்டனை ரெண்டு தடவ அழுத்துங்க, பேச வேண்டாம்."

நெடுஞ்சாலை முழுக்க டிக் டிக் என்று பதில் வந்தது. ஓரினும் அழுத்தினான்.

கோலெட் படித்தாள். ஏற்ற இறக்கமே இல்லாமல், சாலை நிலவரம் வாசிப்பதுபோல, நடுநடுவே வண்டிகளுக்கு உத்தரவும் சொல்லிக்கொண்டு. இல்வேன் ஏணியில் இறங்குகிறாள். மேலே வெளிச்சம் நாணயம் அளவு சுருங்குகிறது. பதினொன்றாம் வண்டி, மேட்டில் மணல் போடு. கீழே அந்தப் பெரிய உடம்பு மூச்சு விடுகிறது, அல்லது மூச்சுபோல ஒன்று. ஆம்புலன்ஸ் ஒன்று வடக்கே வருது, வழி விடுங்க. இல்வேன் கைவிளக்கை உயர்த்துகிறாள். அந்தத் தட்டையான குரலில் கேட்கக் கேட்க ஓரினுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவன் முன்னால் இருந்த பனியும் கதையில் இருந்த பனியும் ஒன்றாகிவிட்டன. எங்கேயோ பாலத்தருகே சரக்கு லாரியை இழுத்துக்கொண்டிருந்த வெர்ன், விதியை மீறி ஒரே ஒரு முறை வாயைத் திறந்தான். "தொட்டுப் பாக்கச் சொல்லு அவளை" என்றான். கோலெட் அவனை அதட்டினாள்; ஆனால் அவளும் அடுத்த பக்கத்தை வேகமாகத் திருப்பியது ரேடியோவில் கேட்டது.

இல்வேன் தொட்டாள். கதை அங்கே முடிந்தது. தன் கைக்குக் கீழே இருந்தது என்ன என்று அவள் உணர்ந்துகொண்டாள். உயிரோடிருந்தவரை யாரிடமும் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

"பரிசோதனை முடிஞ்சுது" என்றாள் கோலெட்.

கிறிஸ்துமஸ் காலையில் வேலை முடிந்து ஓரின் நேரே ஆர்டிஸ் வீட்டுக்குப் போனான். கதவைத் தட்டப் பயம். ஹெல்மி திறந்து, உள்ளே போ, உன்னைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறாள் என்றாள். ஆர்டிஸ் மூன்று தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் அத்தனை ரத்தம் ஓடி அவன் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது.

"சொல்லலையாமே! பன்னண்டு வருஷம் காக்க வெச்சுட்டு, யார்கிட்டயும் சொல்லலையாம். இதுக்கா நான் இத்தனை நாள் மூச்சப் பிடிச்சுட்டுக் கெடந்தேன்?"

"கோலெட் நல்லா படிச்சாங்க இல்ல?"

"அவ நல்லாதான் படிச்சா. எழுதினவனுக்குத்தான் அறிவில்ல. நீ போனை எடு. கடைசி அத்தியாயத்த நான் சொல்றேன், நீ தட்டிக்கோ."

கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓரின் தட்டினான். அதன்பின் தினமும் போனான். அவள் கண்ணை மூடிக்கொண்டு, ரேடியோவில் வழி சொன்ன அதே குரலில் சொன்னாள். பெருவிரல் வலிக்க வலிக்க அவன் தட்டினான். ஏணியில் எத்தனை படி உடைந்திருந்தது, கீழே காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது, எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. இயந்திரம்தானே என்று அவன் அவள் வாயைக் கிளறிப் பார்த்தான். முந்திக்கொள்ளாதே என்றாள். ஒருநாள் வெர்னும் வந்து உட்கார்ந்து, டிராகனை எழுதிவிடு, உனக்குப் புண்ணியமாகப் போகும் என்று கெஞ்சினான். அவள் சிரித்துச் சிரித்து இருமினாள். அன்றைக்கு அது போதும், மீதி நாளைக்கு என்று சொல்லிவிட்டாள்.

புத்தாண்டுக்கு முந்தைய நாள் விடிந்ததும் ஹெல்மி போன் செய்து, ஆர்டிஸ் தூக்கத்திலேயே போய்விட்டாள் என்றாள்.

ஆர்டிஸ் சொன்ன அத்தியாயம் ஓரினின் போனில் இருக்கிறது. அதில் இல்வேன் வலது கையுறையைக் கழற்றிவிட்டாள். கையை இன்னும் வைக்கவில்லை.