இரண்டு தாங்கி மெசினும் எங்கள் அத்தானும்

நல்லூரில் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றபோதுதான் சாவுச் செய்தி வந்தது. பண்டத்தரிப்பிலிருந்து வந்த அயலவர் சைக்கிளை விட்டு இறங்காமலே சொன்னார்: "தம்பி, உங்கடை அத்தான் காலமை மோசம் போயிட்டார்." தம்பிராசா அவர்கள் என் அக்காவின் கணவர். வெறும் போத்தலோடு அப்படியே ஊருக்கு மிதித்தேன்.

சீமையிலிருந்து பெட்டிகளில் பாகம் பாகமாக வந்திறங்கும் உழவு மெசின்களைக் கொழும்பில் பூட்டிக்கொடுப்பது அத்தானின் வேலை. எண்பத்து மூன்றுக் கலவரத்தில் அக்காவோடு, உடுத்த உடுப்போடு கப்பலில் வந்து சேர்ந்தார். வந்ததும் வராததுமாக, யாரோ கோழி அடைத்து வைத்திருந்த ஐம்பதுகளின் சாம்பல் நிற மெசின் ஒன்றை வாங்கினார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

பொருளாதாரத் தடை வந்து டீசல் அற்றுப்போனபோது புதிய மெசின்களெல்லாம் கொட்டிலில் கிடக்க, அத்தானுடையது மட்டும் உழுதது. அதற்கு இரண்டு தாங்கிகள். கொஞ்சப் பெற்றோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துமுன் மறுபடி பெற்றோலுக்குத் திருப்ப வேண்டும்; மறந்தால் இலேசில் கிளம்பாது. "சீமையிலை உதை வரைஞ்சவங்களுக்கும் உலக யுத்தத்தாலை அப்ப பெற்றோல் பங்கீடுதான். அதுதான் எங்களுக்குப் பொருந்துது" என்பார். வலிகாமத்தில் துருப்பிடித்துக் கிடந்த அதே வகை மெசின்களையெல்லாம் தேடிப் பிடித்து ஓடவைத்தார்.

அதுவே அவருக்கு வினையாயிற்று. அக்காவுக்கு இருதய வருத்தம் முற்றி, கொழும்புக்குப் போனால்தான் பிழைப்பார் என்றார்கள். குடாநாட்டை விட்டு வெளிக்கிட இயக்கத்திடம் அத்தான் இருவருக்கும் பாஸ் கேட்டார். அக்காவுக்கு மட்டுமே கிடைத்தது.

"ஐயா, நீங்கள் போனா உந்த மெசினுகளை ஆர் பாக்கிறது? வெங்காயம் நடுற நேரமெல்லே" என்றார் பாஸ் கொடுப்பவர், மிகவும் மரியாதையாக. அந்த மரியாதையை இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை.

அக்காவை அந்த மெசினிலேயே, கடலேரியில் படகேறும் கிளாலிக்கு ஏற்றிப்போனோம். திருப்ப மறந்த மெசின்காரரையெல்லாம் ஏசித் திரிந்த மனிதர், கரையில் பெற்றோலுக்குத் திருப்பாமலே நிறுத்திவிட்டார். அக்காவின் பையைத் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் படகுவரை போனார். படகு போனபின் மெசின் கிளம்பவில்லை. நான் கைபிடியைச் சுற்றிச் சுற்றிக் களைத்தேன்.

"விடும் தம்பி. அதுக்கும் திரும்பிப் போக மனமில்லைப் போலை" என்று மணலில் இருந்துவிட்டார்.

சத்திரசிகிச்சை முடிந்து அக்கா தேறிவிட்டார். இங்கே மருந்தில்லை, திரும்பி வரவேண்டாம் என்று சொல்லியனுப்பியதும் அத்தான்தான். வருகிற ஆட்களிடமெல்லாம் அக்கா கேட்டனுப்புவது, "எப்ப வாறியள்?" இவர் ஒவ்வொரு போகம் முடியவும் பாஸ் கந்தோருக்குப் போவார். அடுத்த போகம் வந்துவிட்டது என்பார்கள். போன மாதமும் போனார். வந்து படுத்தவர் பிறகு எழும்பவேயில்லை.

பிள்ளைகள் இல்லாதபடியால் நேற்றுக் கொள்ளி வைத்தது நான். அக்காவுக்குச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. எங்கள் எல்லோரிலும் ஒருவரிடமும் பாஸ் கேட்காமல் வெளிக்கிட்டவர் நீங்கள் ஒருவர்தான், அத்தான். போயிட்டு வாங்கோ என்று சொல்லத்தான் எங்களுக்குப் பழக்கம். இந்த முறை நான் அப்படிச் சொல்லமாட்டேன். திரும்பி வராதேங்கோ. அக்காவிட்டைப் போங்கோ.