சத்தியத் தண்ணீர் குடிக்காத புருஷன்

போகுவா யாரையும் லேசில் நம்பமாட்டாள். உப்பு விற்க வருகிறவனைக்கூட எந்த வழியாக வந்தாய் என்று மூன்று முறை கேட்டுவிட்டுத்தான் மூட்டையைப் பிரிக்க விடுவாள்.

வெள்ளையர்களைக் குமாசிக் கோட்டைக்குள் அடைத்துப்போட்டு அசாந்தி நாட்டு ராணித்தாய் போர் நடத்திய வருடம் அது. மரத்தடுப்புக்குப் பின்னால் இருந்த அசாந்தி வீரர்களுக்குப் போகுவாதான் சமைத்தாள். வெள்ளைக்காரனுக்குச் சுமை தூக்கப் போன அவள் புருஷன் நிமோ, நாற்பது நாள் கழித்து அங்கே வந்து நின்றான். கோட்டைக்குள் பட்டினிச் சாவு என்று ஊரே பேசுகிறது. இவன் கன்னம் மட்டும் பளபளக்கிறது.

"எப்படிய்யா தப்பிச்சே?"

"ஓடி வந்தேன்."

"அத்தனை துப்பாக்கிக்கு நடுவுலயா? நம்ம கல்யாணத்துக்கே ஆடி அசைஞ்சு வந்த காலு!"

நிமோ சிரிக்கவில்லை. அதுவும் அவளுக்கு உறுத்தியது.

படைக்கு வருகிறவன் சாமி முன்னால் சத்தியத் தண்ணீர் குடிக்க வேண்டும். மனசில் துரோகம் இருந்தால் அது ஆளைக் கொன்றுவிடும். நிமோ கிண்ணத்தைத் தள்ளிவிட்டான்.

"இப்ப வேணாம். ரெண்டு நாள் போகட்டும்."

போகுவா நேராகக் காவல் தலைவனான தன் அண்ணன் அஃப்ராமிடம் போனாள்.

"அண்ணே, அவன் வெள்ளைக்காரன் ஆளு. கட்டிப்போடு."

"உன் பிள்ளைங்களோட அப்பன்டீ."

"பிள்ளைங்க தாய்வழியில என் வம்சம். அவன் அவனைப் பெத்தவ வம்சம். நாளைக்கு நம்ம ஆளுங்க செத்தா நீயா பதில் சொல்லுவே?"

துரோகிக்குத் தலை தப்பாது என்று தெரிந்தேதான் சொன்னாள் மகராசி.

மறுநாள் அடுத்த முகாமிலிருந்து திரும்பிய ராணித்தாய், நிமோவைக் கட்டியிருந்த கயிற்றை உடனே அவிழ்க்கச் சொன்னாள். கோட்டைக்குள் எத்தனை ஆள், எத்தனை தோட்டா என்று பார்த்துவர அவனை அனுப்பியவளே அவள்தான். தன்னிடம் சொல்லி முடிக்கும்வரை வாய் திறக்கக்கூடாது, வேறு சத்தியமும் குடிக்கக்கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். அதிகாரியின் சமையற்கட்டுக்குத் தண்ணீர் சுமந்தவனுக்கு மிச்சம் மீதி கிடைத்ததில் என்ன அதிசயம்?

அன்று சாயங்காலம் இடித்த கிழங்கு உருண்டையையும் நிலக்கடலைக் குழம்பையும் வழக்கம்போல் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பாமல், நிமோ தங்கியிருந்த அவன் தாய்வீட்டுக்குப் போகுவாவே தூக்கிப்போனாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. நிமோ கை கழுவினான். மணிக்கட்டில் கயிற்றுக் காயம் சிவந்திருந்தது. கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினான்.

"முதல்ல நீ தின்னு."

அவள் அழுதுகொண்டே ஒரு வாய் விழுங்கினாள். அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னொரு வாய்," என்றான்.