செத்த கேப்டனுக்காக எழுதிப் போட்டவர்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். ஒன்றும் சோடை போகவில்லை. ஆனால் மணப்பாட்டிலிருந்து தூத்துக்குடி போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவரைப் போல ஒரு பிள்ளையை நான் பார்த்ததில்லை.

வயது நாற்பதுக்கு மேல். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறாராம். ராக்கெட் படம் போட்ட பனியன் தொப்பைக்கு மேலே ஏற ஏற, அதை இழுத்துவிட்டபடியே செல்போனில் எழுதிக்கொண்டிருந்தார்.

"யாருக்குய்யா எழுதுத?" என்றேன்.

"படக் கம்பெனிக்கு, பாட்டி. சின்னதுல பாத்த விண்வெளித் தொடரை இப்பம் புதுசா எடுக்கான். அதுல கேப்டனைக் கொன்னுட்டான். ரசிகர்லாம் சேந்து எழுதிச் சண்டை போட்டோம். அடுத்த பாகத்துல உசுரோட கொண்டாந்துட்டான்."

"பொறவு மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"இப்பம் அவரை யாரு சுட்டாலும் எனக்குப் பதற மாட்டேங்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எங்க ஊர்த் திருநாள் நாடகத்துல ராசா செத்து விழுந்ததும் ஒன்ஸ்மோர்னு கத்துவோம். எந்திரிச்சு, மண்ணைத் தட்டிட்டு, அதே பாட்டைப் பாடி மறுபடி சாவான். சாகாதன்னு மட்டும் நாங்க கேட்டதில்ல."

அவர் பனியனை மறுபடி இழுத்துவிட்டார். பிறகு, "அப்பம் திரும்பக் கொல்லச் சொல்லி எழுதட்டா?" என்றார்.

"அதையும் நீதான் சொல்லணுமா? சும்மா கெட."

செல்போனைப் பையில் போட்டார். ஆத்தூர் வருவதற்குள் மறுபடி எடுத்துவிட்டார். என்ன எழுதினாரோ. இல்லாத ஒருவனுக்காக இத்தனை கலங்குகிறவரை என்னவென்று சொல்ல?

ஏளா பேத்தி, நான் சொல்லச் சொல்ல எழுதினியே, இதை வாசிச்சுக் காட்டு. பிடிக்கலன்னாலும் மாத்தச் சொல்லப்படாது.