யாரும் திறந்து பார்க்காத திருத்தம்

கிளிநொச்சியில் உரக்கடை ஒன்றின் மேல்மாடியில் எங்கள் மென்பொருள் அலுவலகம் இருந்தது. நானும் மல்லாவியிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு அக்காவும், வெளிநாட்டுக் கொம்பனி ஒன்றின் சேர்வர்களுக்காக இயங்குதளத்தின் மையப் பகுதியான கேர்னலைத் திருத்திக்கொண்டிருந்தோம்.

எந்தப் புரோகிராம் எவ்வளவு மெமரி எடுக்கிறது என்று கேர்னல் ஓயாமல் கணக்கு வைக்க வேண்டும். அந்த சேர்வர்களில் எல்லாப் புரோசசர்களும் ஒரே எண்ணைத்தான் மாற்றின. ஒன்று மாற்றி முடிக்கும்வரை மற்றவை காத்து நின்றன. கணக்கு வைப்பதிலேயே வேகம் செத்துப்போனது. ஒவ்வொரு புரோசசரும் கணக்கைத் தன்னிடமே வைத்திருந்து, கொஞ்சம் சேர்ந்த பிறகு மொத்தத்தில் கூட்டட்டும் என்றார் அக்கா. அப்படியே எழுதினோம். வேகம் நன்றாகவே கூடியது.

ஆனால், ஒவ்வொரு புரோசசரிடமும் இன்னும் கூட்டாமல் கிடந்தது சேராததால், மெமரி நிரம்பும் தறுவாயில் மொத்தம் உண்மையைவிடக் குறைவாகக் காட்டியது. இன்னும் இடமிருக்கிறதென்று கேர்னல் கொடுத்துக்கொண்டே போய், கடைசியில் வேறு வழியில்லாமல், ஓடிக்கொண்டிருந்த முக்கியமான புரோகிராமையே நிறுத்திவிட்டது. அந்தச் சோதனை முடிவு வெளிநாட்டுக்காரருக்கும் போய்விட்டது.

அன்று அக்கா சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவேயில்லை.

"மெமரி நிரம்பிற எல்லைக்குக் கிட்ட வந்தா மட்டும் எல்லாப் புரோசசரிட்டையும் இருக்கிறதைக் கூட்டிப் பாப்பம். தூரத்தில நிக்கேக்க உத்தேசக் கணக்கே காணும்," என்றார்.

எழுதினார். எப்படிச் சோதித்தும் பிழை வரவில்லை. அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தோம். பதிலோடு முதலாளிதான் படியேறி வந்தார்.

"பிள்ளையள், அவங்கள் வேலையை வேற ஆக்களிட்டைக் குடுத்திட்டாங்கள். இனி இதை நடத்தேலாது."

"நாங்கள் பிழையைத் திருத்தி அனுப்பினனாங்கள் அண்ணை. பாத்தவையாமோ?" என்று அக்கா கேட்டார்.

"திறந்தே பாக்கேல்லையாம்."

அலுவலகம் பூட்டப்பட்டது. கொழும்பில் அக்காவுக்கு வேலை கிடைத்தது. சிறுநீரக நோயோடு கிடந்த தகப்பனை விட்டுப் போக முடியாமல் அதை வேண்டாமென்றார். இப்போது ஆடைத் தொழிற்சாலையில் வேலை. அண்மையில் பஸ் நிலையத்தில் கண்டேன்.

"இப்பவும் புரோகிராம் எழுதுறனீங்களோ அக்கா?"

"எங்க எழுத? சட்டைக்குக் கொலர் தைக்கிறன். நாங்கள் எழுதினதை இப்ப காட்டினாலும் விளங்காது போல கிடக்கு."

நானும் கேர்னல் வேலையை விட்டுவிட்டேன். பள்ளிக்கூடம் முடித்த பிள்ளைகளுக்குக் கணினியில் கடிதம் ரைப் பண்ணப் பழக்குகிறேன். படித்து முடித்தால் இங்கே என்ன வேலை கிடைக்கும் என்று அவர்கள் கேட்கும்போது, கரும்பலகையை அழிக்கத் திரும்பிவிடுகிறேன்.